நுவரெலியா உயரத்தில் ஐந்து மணித்தியாலம்

“வயித்துப்பிள்ளையோட பிளேனில ஏறப்போறியோ?” என்று அம்மா கேட்டபோது எனக்கு 27ஆவது கிழமை. நான் டோஹாவில், அம்மா கிளிநொச்சியில். தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்கு வா, வா என்று மூன்று மாதமாக நச்சரித்ததும் அவதான். வரும் வழியைச் சொன்னதும் பயந்துபோனா.

அம்மாவின் பயம் எனக்கு விளங்காமலில்லை. எங்கட ஆக்களுக்குப் பிளேன் ஏறிப் போகிற சாமானாக அறிமுகமாகவில்லை. சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடவேண்டிய சாமானாகத்தான் தெரியவந்தது. 1996 ஆடியில் இராணுவத்தின் ‘சத்ஜய’ சண்டை தொடங்கிக் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது அம்மா ஆறு மாதக் கர்ப்பிணி. உழவு மிசின் பெட்டியில் நெல்மூட்டைக்கு மேல் இருந்து அக்கராயன், பிறகு மல்லாவி. ஐப்பசியில் நான் பிறந்தேன். மேலே இரைச்சல் கேட்டால் எல்லாரும் குப்புற விழுவார்களாம். அம்மாவுக்குக் குப்புறப் படுக்க ஏலாது, ஒரு பக்கமாகச் சரிந்து வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கிடப்பாவாம். இதை அவ சிரித்துக்கொண்டுதான் சொல்லுவா. பன்னிரண்டு வயதுவரை நானும் கிபிர் குண்டுவிமானச் சத்தத்துக்கு ஓடியவள்தான். அதனால் அம்மாவோடு வாதாடவில்லை. “டொக்டரிட்டக் கேட்டுச் சொல்லுறன்” என்று மட்டும் சொன்னேன்.

அங்கே என்னைப் பார்த்தது ஒரு மலையாள டொக்டர். “ஊட்டிக்குப் போனதுண்டோ?” என்று கேட்டா. இல்லை, நுவரெலியாவுக்குப் போயிருக்கிறேன் என்றேன். “அது போதும். நீ அங்கே அஞ்சு மணி நேரம் இருக்கப் போறாய், அவ்வளவுதான்” என்றா. பிளேன் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றை அழுத்தி வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கிறவருக்கு அது 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல. நுவரெலியா ஆறாயிரத்துச் சொச்சம் அடி, ஹோட்டன் சமவெளி ஏழாயிரம் அடி. நுவரெலியாவில் பெண்கள் பத்து மாதமும் சுமந்து பெறுகிறார்கள்தானே. ஒட்சிசன் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும், உண்மை. ஆனால் வயிற்றுப் பிள்ளையின் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் எங்களுடையதைவிட இறுக்கமாக ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்குமாம். கருவில் வளரும் பிள்ளைக்கு இயற்கை முதலே செய்து வைத்த ஏற்பாடு.

பிரச்சினை என்னில்தான் இருந்தது. என் ஹீமோகுளோபின் 9.4. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனாலே இரத்தச்சோகைதான். 7.5க்கும் கீழே போனால் பறக்கவே விடமாட்டார்கள். எனக்கு அந்தளவு இல்லை, ஆனாலும் “அவசரம் இல்லையே, ரெண்டு மூணு ஆழ்ச்ச கழியட்டே” என்றா, இரண்டு மூன்று கிழமை போகட்டும் என்று. இரும்புச்சத்துக் குளிசையை விழுங்கிவிட்டு உடனே தேத்தண்ணி குடிக்கிற பெண் நான். தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது என்று அன்றைக்குத்தான் காதில் ஏறியது. தோடம்பழச் சாற்றோடு குடிக்கத் தொடங்கினேன், கல்சியக் குளிசையை வேறு நேரத்துக்கு மாற்றினேன். மூன்று கிழமையில் 10.6.

வேறு யாருக்கெல்லாம் கூடாது என்றும் கேட்டு வைத்தேன், ஏனென்றால் ஊரில் இதை வாசிக்கிறவர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். இரத்தம் படுகிறவர்கள், நச்சுக்கொடி கீழிறங்கிக் கருப்பை வாயை மறைத்திருப்பவர்கள், பிறஷர் கட்டுக்குள் இல்லாதவர்கள், முந்தின பிள்ளை மாதத்துக்கு முன்னமே பிறந்தவர்கள் – இவர்கள் தங்கள் டொக்டர் ஓம் என்று சொல்லாமல் ரிக்கற் போடக்கூடாது. ஒரு தொல்லையும் இல்லாதவர்களுக்கு 14 கிழமைக்கும் 28 கிழமைக்கும் இடைப்பட்ட காலம் சுகம். சத்தியும் தலைச்சுற்றும் அடங்கியிருக்கும், வயிறும் இன்னும் பாரமாகியிருக்காது. அந்தக் காலத்தைத்தான் நான் தேத்தண்ணியில் கரைத்துவிட்டேன்.

பெரும்பாலான விமானக் கொம்பனிகள் ஒற்றைப் பிள்ளை என்றால் 36 கிழமை வரையும், இரட்டை என்றால் 32 கிழமை வரையும்தான் ஏற்றும். பறப்பதால் பிள்ளைப்பேற்று நோ வந்துவிடும் என்பதல்ல காரணம். அதற்குப் பிறகு நோ எப்பவும் வரலாம், நடுவானில் வந்தால் பிள்ளை பெற இடமில்லை, அதுதான். 28 தாண்டினால் டொக்டரின் கடிதம் கேட்பார்கள். இங்கேதான் நான் மாட்டினேன். என் முதல் கடிதத்தில் ‘பயணம் செய்யத் தகுதியானவர்’ என்று ஒரு வரி மட்டும் இருந்தது. பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம் கொம்பனிக்குப் படம் எடுத்து அனுப்பினால், எத்தனையாவது கிழமை, பிள்ளை பிறக்கும் திகதி எப்ப, ஒற்றையா இரட்டையா, சிக்கல் இருக்கோ இல்லையோ, இதெல்லாம் எழுதி அண்மைத் திகதியோடு வேணும் என்று மறுமொழி. என் கணவர் வேலையால் வந்த உடுப்போடு கிளினிக்குக்கு ஓடினார். “இதை நீர் முதலே கேட்டிருக்கலாம்” என்று அவர் சொன்னது நியாயம்தான், ஆனாலும் அன்றிரவு நான் அவரோடு கதைக்கவில்லை.

போய்வருகிறவர்கள் திரும்பி வருகிற நாளில் எத்தனையாவது கிழமை என்றும் கணக்குப் பாருங்கள். என் மச்சாள் ஒருத்தி 34ஆவது கிழமையில் பலாலியால் சென்னைக்குப் போய், மூன்று கிழமை நின்று கோயில் கும்பிட்டு வரப் பார்த்தா. போக ஏற்றுவார்கள், வர?

மாமிக்கு எயார்போட்டில் சோதிக்கிற வாசலைப் பற்றித்தான் கவலை. அது எக்ஸ்றே அல்ல, உலோகம் தேடுகிற காந்தப் புலம்தான். பொதிகளுக்கு மட்டுமே எக்ஸ்றே. மேலே பறக்கும்போது விண்வெளிக் கதிர் கொஞ்சம் கூடப் படும், ஒரு முறை இரண்டு முறை போகிறவருக்கு அது கணக்கில்லை, அடிக்கடி பறக்கிற பணிப்பெண்களுக்குத்தான் கணக்கு.

31ஆவது கிழமையில் ஏறினேன். நடைபாதைப் பக்கச் சீற், மலசலகூடத்துக்குக் கிட்ட. பெல்ற்றை வயிற்றுக்குக் கீழே, தொடைக்கு மேல் இடுப்பெலும்போடு ஒட்டப் போட்டேன். மேலே போகப் போக வயிற்றுக்குள் இருக்கிற காற்று விரியும், அதனால் முதல்நாள் கடலை, பயறு ஒன்றும் தொடவில்லை. மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்பி நடந்தேன். பிள்ளை மட்டும் ஏறினதிலிருந்து இறங்கும்வரை உதைத்துக்கொண்டே இருந்தது. ஐந்து மணித்தியாலம் ஒரு கரைச்சலும் இல்லை.

கரைச்சல் கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு வெளியே ஒரு வான் வண்டியாக நின்றது.

தம்பி வான் பிடித்து வந்திருந்தான். கிளிநொச்சிக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர், ஆறேழு மணித்தியாலம். பிளேனுக்கு அவ்வளவு கேள்வி கேட்ட சனம் ஒன்றுகூட இந்த வானைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை! கர்ப்பகாலத்தில் இரத்தம் கூடுதலாக உறையும். நாலு மணித்தியாலத்துக்கு மேல் காலைத் தொங்கப்போட்டு இருந்தால் கெண்டைக்கால் இரத்தக் குழாயில் இரத்தக்கட்டி விழலாம், அது கழன்று நெஞ்சுக்குப் போனால் உயிராபத்து. இந்தக் கணக்குக்கு மேலே பறந்தாலென்ன, ஏ9 வீதியில் உருண்டாலென்ன, இருப்பது இருப்புத்தான். பிளேனில் இருந்த ஐந்தோடு இந்த ஏழையும் கூட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து பிள்ளைப்பேற்றுக்கு வன்னிக்கு வருகிற எல்லாருக்கும் உள்ள கணக்கு இது. அழுத்தக் காலுறையை நான் பிளேனால் இறங்கியும் கழற்றவில்லை.

பின் சீற்றில் பெல்ற்றைக் காணவில்லை. சீற் உறைக்குக் கீழே புதைந்து கிடந்ததைத் தம்பி தோண்டி எடுத்தான். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் நிற்பாட்ட வேணும் என்று ட்ரைவர் அண்ணையிடம் முதலே சொன்னேன். சிலாபத்தில் நின்றோம், புத்தளத்தில் நின்றோம். அனுராதபுரத்தில், “தங்கச்சி, இப்பிடி நிண்டு நிண்டு போனா விடிஞ்சிடும்” என்றார். விடியட்டும் அண்ணை என்றேன். அந்த நேரம் என் தலைக்குள் வேறொரு பட்டியல் ஓடியது: புத்தளம் ஆஸ்பத்திரி, அனுராதபுரம் போதனா வைத்தியசாலை, வவுனியா ஆஸ்பத்திரி, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ். வானத்தில் இல்லாத வசதி இது, ஒத்துக்கொள்ளத்தான் வேணும்.

முறிகண்டியில் நாங்கள் கேட்காமலே வான் நின்றது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள், நான் கோயிலைச் சுற்றி மெதுவாக ஐந்து தரம் நடந்தேன். தம்பி சுடச்சுடக் கச்சான் வாங்கித் தந்தான். இனிப் பறக்கிறதில்லைத்தானே என்று முழுச்சரையையும் தின்றேன்.

மூன்றாம் நாள் மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்தா. கத்தார்ப் பத்திரங்களைப் பார்த்துப் புதுக் கர்ப்பிணி அட்டை நிரப்பிவிட்டு, “காலைக் காட்டுங்கோ” என்றா. இரண்டு பாதமும் ஒரேயளவு வீங்கியிருந்தது. அது பயமில்லையாம். ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து நொந்தால், அல்லது மூச்சு எடுக்கக் கஷ்டமாயிருந்தால், அவவின் வரவைப் பார்த்திராமல் நேரே ஆஸ்பத்திரி. பிள்ளை பிறந்து ஆறு கிழமை வரைக்கும் இந்தக் கவனம் வேணும் என்றா. அம்மா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தா.

மகள் 39ஆவது கிழமையில் பிறந்தாள். இப்ப மூன்று மாதம், வாற மாதம் திரும்பிப் போகிறோம். ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுத்தால் பிள்ளைக்குக் காது அடைக்காது என்று மிட்வைஃப் மிஸ் என்னிடம் ஒருக்கால்தான் சொன்னா. அம்மா அதை ஒழுங்கையில் ஏழு வீட்டுக்குச் சொல்லிவிட்டா. நேற்று மீன்காரருக்கும் சொன்னா: “அதொண்டும் பயமில்லைத் தம்பி, உள்ளுக்கு நுவரெலியா மாதிரித்தான்.”