பழைய டி7000-உம் கல்வெட்டு எழுத்துக்கு ஏற்ற லென்ஸும்

நிக்கானின் டி7000 கேமரா வந்தது 2010-இல். 16 மெகாபிக்சல், உள்ளே இரண்டு எஸ்டி கார்டு. இன்றைக்கு செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஷட்டர் கவுண்ட்டை (இதுவரை எத்தனை கிளிக் ஆனது என்ற எண்ணிக்கையை) கேட்டுவிட்டுக் காசைக் கொடுத்துவிடுகிறார்கள். அதையும் பார்க்க வேண்டியதுதான். இதன் ஷட்டரை நிக்கான் 1,50,000 கிளிக் வரை சோதித்திருக்கிறது. எனக்குக் கிடைத்த பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, அதில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. ஆனால் டி7000-தான் வேண்டும் என்று நான் தேடியதற்குக் காரணம் மவுண்ட்டில், அதாவது லென்ஸ் மாட்டும் வளையத்தில், இருக்கும் இரண்டு சின்ன உறுப்புகள்.

மூடியைக் கழற்றிவிட்டு முன்பக்கமாகப் பாருங்கள். வளையத்தில் கீழே இடது பக்கம் ஸ்க்ரூடிரைவர் முனை மாதிரி ஒன்று தெரியும். மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப், ஏஎஃப்-டி வகை ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களுக்கு அதுதான் ஃபோகஸைத் திருப்பிவிடுகிறது. இன்னொன்று, வளையத்துக்கு வெளியே விளிம்பை ஒட்டி நகரும் சின்ன நாக்கு. 1977-இல் வந்த, நிக்கானின் ஏஐ வகை மேனுவல் லென்ஸ்களின் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) வளையம் எங்கே நிற்கிறது என்று பாடிக்குச் சொல்வது இது. டி3000, டி5000 வரிசைகளில் இரண்டுமே கிடையாது. டி90-இல் முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை. மேனுவல் லென்ஸை மாட்டலாம், ஒளியை அளக்கும் மீட்டர் வேலை செய்யாது. டி7000-இல் இரண்டும் இருக்கின்றன. வாங்கும்போது அந்த நாக்கை விரலால் மெல்லத் தள்ளிப் பார்த்தேன். ஸ்பிரிங் இழுத்து, தயங்காமல் பழைய இடத்துக்கு வந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

நான் எடுக்க நினைப்பது காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் திருச்சுற்றை. அங்கே வரிசையாக நிற்கும் சிற்றாலயங்களில் ராஜசிம்ம பல்லவனின் விருதுப் பெயர்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்து வேலை, மணற்கல். சில சிற்றாலயங்களுக்குள் பல்லவர் காலத்து வண்ணமும் திட்டுத்திட்டாக மிச்சம் இருக்கிறது. எழுத்து, வண்ணம் இரண்டையும் ஒழுங்காகப் பதிவு செய்ய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மத்தியத் தொல்லியல் துறை இடம் என்பதால் முக்காலிக்குத் தனி அனுமதி வேண்டும். அத்தனை வயதான வண்ணத்தின் மேல் ஃபிளாஷ் அடிக்க எனக்கு மனம் வராது. ஆக, கையில் பிடித்தபடி, நிழலில் எடுக்க வேண்டிய வேலை.

வண்ணத்துக்கு முதலில் வாங்கியது டிஎக்ஸ் (டி7000-இல் இருப்பது போன்ற சின்ன சென்சாருக்கான) 35 மி.மீ எஃப் 1.8ஜி. இந்த சென்சாரில் அது பழைய ஃபிலிம் கேமராவின் கிட்டத்தட்ட 50 மி.மீ பார்வையைத் தரும். 200 கிராம்தான் எடை. அப்பர்ச்சர் எஃப் 2, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 1600 வைத்தால் சிற்றாலயத்தின் உள்சுவர் கையிலேயே கிடைக்கிறது. நிழல் சற்று இருண்டு விழுந்தாலும் கவலை இல்லை, ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ஃபைல்) தூக்கிவிட்டால் டி7000-இன் சென்சார் தாங்குகிறது. இந்த லென்ஸைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல லென்ஸ்.

முழுச் சிற்றாலயமும் ஒரே படத்தில் வர 18-55 மி.மீ ஜூம் லென்ஸ் ஒன்று தேவைப்பட்டது. இங்கே கவனம் வேண்டும். கடையில் காட்டியது பளபளவென்று இருந்தது. "நிக்கான் பாடிதானே சார், எல்லாம் மாட்டும்" என்றார் கடைக்காரர். மாட்டும், உண்மைதான். ஆனால் லென்ஸின் மேல் ஏஎஃப்-பி என்று போட்டிருந்தது. அந்த வகை டி7000-இல் ஃபோகஸ் ஆகாது. அதன் ஃபோகஸ் வளையம் மின்சாரத்தில் இயங்குவது என்பதால் கையால் திருப்பியும் பயனில்லை. "அண்ணே, ஏஎஃப்-எஸ் விஆர் இருந்தா எடுங்க" என்று கேட்டு, உள்ளே மோட்டாரும் கை நடுக்கத்தைக் குறைக்கும் அமைப்பும் உள்ள அந்த வகையில், கொஞ்சம் கீறல் விழுந்த பழையதை வாங்கி வந்தேன்.

சரி, இப்போது எழுத்துக்கு வருவோம். நான் மிகவும் ரசித்துத் தேடியது மைக்ரோ நிக்கார் 55 மி.மீ எஃப் 2.8 ஏஐ-எஸ் (ஏஐ-க்கு அடுத்த வகை), கிட்டத்தில் எடுப்பதற்காக 1980 வாக்கில் வந்த மேனுவல் லென்ஸ். இந்த வம்சத்தின் முதல் லென்ஸ் 1956-இல் வந்தது. அப்போது ஆவணங்களை மைக்ரோஃபிலிமில் ஏற்றுவார்கள். நெருக்கமான கோடுகள் கொண்ட ஜப்பானிய எழுத்துகள் ஃபிலிமில் கலங்காமல் விழ வேண்டும் என்பதற்காகவே அதை உருவாக்கினார்கள். எழுத்துக்கென்று பிறந்த லென்ஸை பல்லவ எழுத்தின் முன்னால் பிடிக்கப் போகிறோம் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

இந்த லென்ஸில் தெரிந்த வியாதி ஒன்று உண்டு: உள்ளே இருக்கும் எண்ணெய் கசிந்து அப்பர்ச்சர் இதழ்களில் ஒட்டிக்கொள்ளும். பின்பக்கத்து நெம்புகோலை நகத்தால் தள்ளிவிட்டால் இதழ்கள் சட்டென்று மூடித் திறக்க வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் வேண்டாம். அப்புறம் பின்னாலிருந்து ஃபோன் டார்ச்சை அடித்து, முன்னால் சாய்வாகப் பார்க்க வேண்டும். ஃபங்கஸ் இருந்தால் சிலந்தி இழை போலத் தெரியும். வளையத்தில் எண்கள் இரண்டு வரிசையாக, மவுண்ட் பக்கம் பொடியாக ஒன்று இருந்தால் அது ஏஐ வகை. ஒற்றை வரிசை என்றால் 1977-க்கு முந்தையதாக இருக்கலாம், அது பாடியின் நாக்கை உடைத்துவிடும்.

பாடியின் மெனுவில் சிபியு (மின்னணுச் சிப்) இல்லாத லென்ஸ் என்ற இடத்தில் 55, 2.8 என்று பதிந்து வைத்தேன். ஏ மோடில் (அப்பர்ச்சரை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தை கேமரா பார்த்துக்கொள்ளும்) மீட்டர் ஒழுங்காக ஓடுகிறது, நான் வைத்த அப்பர்ச்சர் எண்ணும் படத்தோடு பதிவாகிறது. ஃபோகஸுக்கு வியூஃபைண்டரின் கீழ் இடது ஓரத்தில், ஃபோகஸ் சரியாகும்போது எரியும் புள்ளிதான் துணை. கிட்டத்தில் எடுக்கும்போது வளையத்தைக் கொஞ்ச தூரம் திருப்பினாலும் அது எரிந்துகொண்டே இருக்கிறது. அதனால் கிட்டேயிருந்து திருப்பி எரியத் தொடங்கும் இடம், தூரத்திலிருந்து திருப்பி எரியத் தொடங்கும் இடம், இரண்டையும் பார்த்துக்கொண்டு நடுவில் நிறுத்துகிறேன். எஃப் 8, முழங்கை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டபின் ஒரு கிளிக். வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும் நேரத்தில் எடுத்தால் உளியின் பள்ளத்தில் நிழல் நின்று, தேய்ந்த எழுத்துகூடப் படிக்க வருகிறது. நேர் வெளிச்சத்தில் அதே எழுத்து வெறும் கல்லாகத்தான் விழுகிறது. படத்தின் ஓரத்து எழுத்தும் வளையாமல் நேராக நிற்கிறது. 18-55-இல் அது நடக்கவில்லை.

இத்தனை கண்ணாடியையும் சென்னை ஈரப்பதத்திலிருந்து காக்க வேண்டும். ரப்பர் பட்டை வைத்த காற்றுப்புகா டப்பா, உள்ளே நீல சிலிக்கா ஜெல். அது இளஞ்சிவப்பாக மாறினால் வாணலியில் மெல்லச் சூடு காட்டி மறுபடி போடுகிறேன்.

அடுத்து தேடுவது 28 மி.மீ எஃப் 2.8, அதுவும் ஏஐ-எஸ். ஏஐ, ஏஐ-எஸ் இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். தூர அளவில் கடைசி எண் 0.2 மீட்டர் என்று இருந்தால் நான் கேட்பது, 0.3 என்றால் முந்தையது. சிற்றாலயத்துக்குள் சுவருக்கும் மூக்குக்கும் இடையே ஒரு சாண் இடைவெளியில் எடுக்க அந்த 0.2 வேண்டும்.