காலையில் மட்டும் கேட்ட ‘டிக் டிக்’ சத்தமும் வீணாக மாற்றப்பட்ட டைமிங் செயினும்

என் 150 சிசி வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் இன்ஜினின் முன்பக்கத்திலிருந்து ‘டிக் டிக்’ என்று கூர்மையான ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது; சில கிலோமீட்டர் ஓடி இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் அது தேய்ந்து மறைந்துவிடும். இதற்காக வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பெட்டைச் சரிசெய்து, வால்வுகளை இயக்கும் சங்கிலியான டைமிங் செயினையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றி, சில ஆயிரம் ரூபாய் போன பிறகுதான், கோளாறு இணைப்பில் கசிவைத் தடுக்கும், நூறு ரூபாய்கூடப் பெறாத ஒரு கேஸ்கெட் வளையத்தில் இருந்தது தெரியவந்தது.

சர்வீஸ் சென்டர் வீட்டிலிருந்து சற்றுத் தொலைவு. வண்டி அங்கே போய்ச் சேருவதற்குள் இன்ஜின் சூடாகிவிடும் என்பதால் சத்தமும் போய்விடும். “நல்லாத்தானே ஓடுது சார்” என்பதுதான் முதலில் கிடைத்த பதில். காலையில் மட்டும் வருகிறது என்று நான் விளக்கிச் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்ட சூப்பர்வைசர், ஜாப் கார்டில் ‘இன்ஜின் சத்தம்’ என்ற இரண்டு சொற்களை மட்டும் எழுதினார். உள்ளே வேலை செய்யும் மெக்கானிக்குக் கிடைப்பது அந்தக் காகிதம் மட்டுமே. ஆகவே, சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது, கிளட்ச் பிடித்தால் மாறுகிறதா என்பதையெல்லாம் ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். குளிர்ந்த இன்ஜினில் மட்டும் வரும் சத்தமென்றால் வண்டியை முந்தைய நாள் மாலையே விட்டுவிட்டு, காலையில் முதல் ஸ்டார்ட் செய்யும்போது நீங்களும் அங்கே நில்லுங்கள்.

மெக்கானிக் ஒரு நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை டேப்பெட் மூடியில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டுவிட்டு, டேப்பெட்தான் என்று முடிவு சொன்னார். பேரிங் சத்தத்தைப் பிடிக்க இது நல்ல முறைதான். ஆனால், ஆரோக்கியமான இன்ஜினிலும் அந்த மூடியில் ஸ்க்ரூடிரைவரை வைத்தால் தையல் இயந்திரம் ஓடுவதுபோல் டேப்பெட் அடிப்பது கேட்கத்தான் செய்யும். அவர் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை எடுக்காமல் கை உணர்வை நம்பி, அதுவும் சூடான இன்ஜினில், டேப்பெட்டுக்கும் வால்வுக்கும் இடையிலான இடைவெளியைக் குறைத்து இறுக்கினார். என் வண்டியின் கையேடு, இந்த இடைவெளி குளிர்ந்த நிலையில் இன்டேக் (உள்ளிழுக்கும்) வால்வுக்கு 0.05 மி.மீ., எக்ஸாஸ்ட் (புகை வெளியேற்றும்) வால்வுக்கு 0.10 மி.மீ. என்று தெளிவாகக் கூறுகிறது. மறுநாள் முதல் காலையில் ஸ்டார்ட் ஆவதே சிரமமாகிவிட்டது. டேப்பெட் அளவுக்கு மீறி இறுகினால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) குறையும், நாளடைவில் எக்ஸாஸ்ட் வால்வு கருகிப்போகும். கொஞ்சம் சத்தம் போடும் டேப்பெட்டைவிடச் சத்தமே போடாத டேப்பெட்டுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

‘டிக் டிக்’ அப்படியே இருந்தது. அடுத்ததாக அவர்கள் டைமிங் செயினைக் கை காட்டினார்கள். தளர்ந்த டைமிங் செயின் பெரும்பாலும் ‘கரகர’வென்று உரசும் சத்தத்தைத் தருமே தவிர, இப்படி ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய கூர்மையான அடியைத் தராது என்று சொல்லிப் பார்த்தேன். “மாத்திட்டா டவுட் இருக்காது சார்” என்றார்கள். மாற்றினார்கள். அடுத்த நாள் காலையில் அதே சத்தம்.

அதன் பிறகு நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாக விலக்கத் தொடங்கினேன். வண்டி நிற்கும்போதே கேட்பதால் சக்கர பேரிங், செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் எல்லாம் கழிந்தன. கிளட்ச் லீவரைப் பிடித்தாலும் விட்டாலும் மாறவில்லை என்பதால் கிளட்ச் பக்கத்தின் மீதான சந்தேகமும் குறைந்தது. (ஓடும்போது மட்டும் வரும் சத்தமென்றால், ஆளில்லாத சாலையில் கிளட்சைப் பிடித்து வண்டியை உருளவிட்டுக் கேளுங்கள், இன்ஜின் வேகம் இறங்கியும் சத்தம் சக்கரத்தின் வேகத்தோடே தொடர்ந்தால் இன்ஜினைத் தொடவே வேண்டாம். சாவியைத் திருப்பி அணைக்கும் விளையாட்டு வேண்டாம், ஹேண்டில் லாக் விழுந்துவிடக்கூடும்.) எஞ்சியது தாளம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு வால்வும் ஒருமுறை திறக்கும்; ஐடிலிங்கில் 1400 ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு 700 அடி. ஒற்றை சிலிண்டரில் புகை வெளியேறும் துடிப்பும் சரியாக அதே 700தான். டேப்பெட்டையும் புகைக் கசிவையும் காது குழப்பிக்கொள்வதற்கு இதுவே காரணம்.

புகைக் கசிவாக இருக்கலாம் என்று தோன்றியதும், ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடும்போது சைலன்சரில் ‘பட் பட்’ என்று வெடிப்பது நினைவுக்கு வந்தது. கசியும் இடத்தின் வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்பட்டு, எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் பற்றுவதால் வருவது அது. அதையும் சர்வீஸில் சொல்லியிருந்தேன், யாரும் பொருட்படுத்தவில்லை. காலையில் ஸ்க்ரூடிரைவருக்குப் பதிலாக ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே பிடித்து, மறுமுனையை, புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் பெண்ட் பைப் சிலிண்டர் ஹெட்டோடு சேரும் இடத்துக்குச் சற்றுத் தள்ளிக் காட்டினேன். டேப்பெட் மூடியருகே மங்கலாக இருந்த சத்தம் அங்கே செவிட்டில் அறைந்தது. சைலன்சர் வாயை ஈரத்துணியால் ஒரு கணம் அடைத்தபோது இன்னும் உரத்தது. ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே சோப்பு நீரைப் பூசி வைத்திருந்தால் குமிழியையும் பார்த்திருக்கலாம், ஆனால் இணைப்பின் அடியில் படிந்திருந்த கரியே போதுமான சாட்சியாக இருந்தது. சூட்டில் உலோகம் விரிந்து இடைவெளி அடைபட்டதால்தான் சத்தம் தானாக மறைந்திருக்கிறது.

அந்த இணைப்புக்கான கேஸ்கெட்டைச் சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கி, தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் கொடுத்தேன். துருப்பிடித்த நட்டுகளை அவசரப்பட்டுத் திருகினால் ஸ்டட் (நட்டு ஏறும் திருகுக் கம்பி) ஹெட்டுக்குள்ளேயே முறிந்துவிடும் என்று, துரு நீக்கும் எண்ணெயை அடித்து ஓர் இரவு ஊறவிட்டார். பழைய வளையத்தைச் சுரண்டி எடுத்து, புதியதை வைத்து, இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினார். சைலன்சரின் பின் போல்ட்டைக் கடைசியில்தான் இறுக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. அந்தப் பின் போல்ட்டில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷே இல்லை என்பதை அப்போதுதான் காட்டினார். சைலன்சரின் ஆட்டம் முழுவதும் முன் இணைப்பில் விழுந்து கேஸ்கெட்டை நசுக்கியிருக்கிறது. புஷ் எந்தச் சர்வீஸில் காணாமல் போனது என்பதை ஊகிக்க எனக்குச் சிரமமில்லை. புதிய புஷ் போட்டாயிற்று. மறுநாள் காலையில் சத்தம் சுத்தமாக இல்லை. சில நாள் ஓடிய பின் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டேன்.

கரி படிந்த கேஸ்கெட்டை எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். வாக்குவாதத்துக்குப் பிறகு, வண்டியை இரவு அங்கேயே வைத்து, காலையில் என் கண் முன்னால் ஃபீலர் கேஜ் வைத்து டேப்பெட்டை இலவசமாகச் சரிசெய்து தந்தார்கள். ஸ்டார்ட்டிங் சிரமமும் அதோடு தீர்ந்தது. செயினுக்கு வாங்கிய பணத்தைத் தர மறுத்துவிட்டார்கள். கழற்றிய பழைய செயினையாவது காட்டுங்கள், தேய்ந்திருந்ததா என்று பார்க்கிறேன் என்றேன். ஸ்கிராப்பில் போய்விட்டது என்றார்கள். கழற்றும் பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரியையும் ஜாப் கார்டில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.