முழ நீளப் பிடி

செப்டம்பர் 7, 2025, ஞாயிறு

கலிஃபோர்னியாவின் திராட்சை ஊரான டெலானோ போய்விட்டு வந்தேன். ஃப்ரெஸ்னோவிலிருந்து 99ஆம் நெடுஞ்சாலையில் ஒன்றேகால் மணி நேரம். செல்மா பக்கம் கொடி வரிசைகளுக்கு நடுவே காகிதம் விரித்துத் திராட்சையைக் காயப் போட்டிருந்தார்கள். கண்ணாடியை இறக்கினால் கார் முழுக்கப் பாகு காய்ச்சும் வாசனை.

சரியாக 60 வருஷம். 1965 செப்டம்பர் 7 அன்று இங்கே பிலிப்பினோ ஹாலில், பிலிப்பைன்ஸிலிருந்து வந்த திராட்சைத் தொழிலாளிகள் கூடி வேலைநிறுத்தம் என்று முடிவெடுத்தார்கள். மறுநாள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தோட்டத்தில் இறங்கவில்லை. கேட்டது மணிக்கு 1.40 டாலர், பெட்டிக்கு 25 சென்ட். இந்தக் கதையில் எனக்குத் தெரிந்த ஒரே பெயர் பண்ணைத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ். ஆனால் ஆரம்பித்தது லாரி இட்லியாங்கும் அவருடைய பிலிப்பினோ ஆட்களும். பாதிப்பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் 1948 வரை சட்டம். சொந்த ஊரிலிருந்து பெண்கள் வந்ததும் குறைவு. அதனால் பலருக்குக் குடும்பமே இல்லை. எல்லோரும் அவர்களை ‘மனோங்’ என்பார்கள். இலோக்கானோ மொழியில் அண்ணன்.

செப்டம்பர் 10, புதன்

அலுவலகம், தலைவலி. படுக்கும் முன் கொஞ்சம் படித்தேன். தொழிற்சங்கம் வைக்கும் உரிமையைக் காத்த 1935ஆம் ஆண்டின் மத்திய சட்டத்தில் விவசாயக் கூலிகளைச் சேர்க்கவே இல்லை. அதில் ஒரு வேடிக்கை. மற்ற சங்கங்கள் கடை வாசலில் நின்று ‘இந்தச் சரக்கை விற்காதே’ என்று மறியல் செய்தால் 1947க்குப் பிறகு அது சட்டவிரோதம். இவர்கள்தான் சட்டத்திலேயே இல்லையே! எந்த நகரத்துச் சூப்பர் மார்க்கெட் வாசலிலும் நின்று திராட்சையைப் புறக்கணிக்கச் சொல்லலாம். சொன்னார்கள். வெளியே தள்ளிய கதவு இவர்களுக்கு வழியாகிவிட்டது.

செப்டம்பர் 13, சனி

பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் டெலானோ போனதைச் சொன்னேன். மெக்சிகோக்காரர், 72 வயது, எப்போதும் லேசாக முன்னால் சாய்ந்தே நடப்பார். “திராட்சை அவங்க கதை, மிஹா. நான் சலினாஸில் லெட்யூஸ்” என்றார். மிஹா என்றால் மகளே. சலினாஸ் இதே கலிஃபோர்னியாவில் லெட்யூஸ் கீரை விளையும் ஊர். அப்புறம் கராஜிலிருந்து ஒரு களைக்கொத்தை எடுத்து வந்தார். பிடி ஒரு முழம்கூட இல்லை. கைபட்டுக் கைபட்டு மரம் கறுத்து வழவழவென்று இருந்தது. ‘எல் கோர்தீத்தோ’, குட்டையன் என்று பெயராம்.

“குனி” என்றார்.

கொத்தமல்லிப் பாத்தியில் குனிந்தேன். நெருக்கமாக முளைத்த லெட்யூஸில் ஒரு நாற்றை விட்டுவிட்டுச் சுற்றி இருப்பதைக் கொத்தி எடுக்க வேண்டும். ஒரு கையில் கொத்து, மறு கையால் பிடுங்கல், பக்கவாட்டில் ஒரு எட்டு. முட்டி போடக் கூடாது, நேரமாகும். நான்காவது நிமிஷம் இடுப்பில் சூடாக ஏதோ ஏறியது. ஏழாவது நிமிஷம் நிமிர்ந்துவிட்டேன்.

“இப்போ மேஸ்திரி உன்னைப் பார்த்துட்டான்” என்றார். சிரிக்கவில்லை.

நீளப் பிடி போட்டால் பயிர் சேதமாகும் என்பது முதலாளிகள் சொன்ன காரணம். தொழிலாளிகளுக்குத் தெரிந்த காரணம் வேறு. எல்லோரும் குனிந்திருக்கும் வயலில் நிமிர்ந்தவன் தனியாகத் தெரிவான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

எழுந்திருக்க முடியவில்லை. ஏழு நிமிஷத்துக்கே இந்தக் கதி.

படுத்துக்கொண்டே அந்தக் கொத்து மீதான வழக்கைப் படித்தேன். கிராமப்புற ஏழைகளுக்கான சட்ட உதவி அமைப்பின் வழக்கறிஞர்கள் குட்டையனைத் தடை செய்யக் கேட்டார்கள். முதுகெலும்பு நிரந்தரமாகக் கெடுகிறது என்று டாக்டர்கள் சாட்சி சொன்னார்கள். மாநிலத்தின் தொழிலிடப் பாதுகாப்புத் துறையோ, ஆபத்தான கருவி என்றால் உடைந்தது, பழுதானது மட்டும்தான் என்று வாதாடியது. கொத்து நன்றாகத்தான் இருக்கிறது, உடைவது முதுகு! 1975 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஒத்துக்கொள்ளவில்லை. சில மாதங்களில் தடை வந்தது. பண்ணைத் தொழிலாளர் சங்கங்களுக்குக் கலிஃபோர்னியா தனிச் சட்டம் போட்டதும் அதே வருஷம்தான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

1965-ல் இதே நாள், மெக்சிகோவின் சுதந்திர தினம். டெலானோவின் குவாதலூப்பே மாதா கோயிலில் கூடி, சாவேஸும் டோலோரஸ் உவெர்ட்டாவும் நடத்திய சங்கம் வேலைநிறுத்தத்தில் பிலிப்பினோக்களோடு சேர்வதென்று முடிவெடுத்தது. சாவேஸுக்கு ஆரம்பத்தில் தயக்கம். தன் சங்கம் இன்னும் தயாராகவில்லை என்று நினைத்தார். ஆனால் ஒரு கூட்டம் வேலையை நிறுத்தினால் இன்னொரு கூட்டத்தை இறக்குவதுதான் பண்ணை முதலாளிகளின் பழைய வித்தை. அது இங்கே பலிக்கவில்லை. 1970 ஜூலை 29 அன்று டெலானோ முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஐந்து வருஷம் ஆனது. அடுத்த வருஷமே இட்லியாங், இரண்டு கூட்டமும் இணைந்த சங்கத்தை விட்டு விலகினார். பிலிப்பினோக்கள் ஓரம் கட்டப்பட்டார்கள் என்ற வருத்தம் அவருக்கு.

சலினாஸில் கதை இன்னும் மோசம். டெலானோவுக்கு அடுத்தது நாம்தான் என்று பயந்த லெட்யூஸ் முதலாளிகள், தொழிலாளிகளைக் கேட்காமலே லாரி ஓட்டுநர்களின் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தோடு அவசரமாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். 1970 ஆகஸ்ட் 24 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வந்தார்கள்.

தாத்தாவுக்கு அப்போது 17. சாயங்காலம் கொத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சொன்னார்: “அன்னைக்குக் குட்டையனை வயல்லயே வீசிட்டு வந்தேன்.”

“அப்போ இது?”

“திரும்ப வேலைக்குப் போனப்போ கொடுத்தது. இன்னும் நாலரை வருஷம் இருந்ததே, மிஹா.”