டெலி கவுண்டர் இறைச்சிக்குக் கலோரிக் கணக்கு

அமெரிக்காவிலோ கனடாவிலோ சூப்பர் மார்க்கெட்டில் பதப்படுத்திய இறைச்சியைச் சீவி விற்கும் டெலி கவுண்டரில் ஹாம் (பன்றித் தொடை இறைச்சி), டர்க்கி (வான்கோழி) எதைச் சீவித் தரச் சொன்னாலும், சுற்றி ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் கையில் கொடுப்பார்கள். பெயர், எடை, விலை மூன்றும் இருக்கும். கலோரி பெரும்பாலும் இருக்காது. சாப்பிடுவதை எழுதிவைப்பவர்கள் உடனே எடையைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். வகையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். துண்டின் எடையைக் கண்ணால் ஊகித்தால் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ பிசகும். சலாமியை (உலர்த்திய கொழுப்பு மிகுந்த தொத்திறைச்சி) ஹாம் என்று எழுதினால் கணக்கு இரண்டரை முதல் நான்கு மடங்கு வரை பிசகும்.

100 கிராமுக்கு டர்க்கி மார்பிறைச்சி ஏறக்குறைய 100 கலோரி. கொழுப்பு நீக்கிய ஹாம் 110, சாதாரண ஹாம் 160, மசாலா தடவிப் புகையிட்ட மாட்டிறைச்சியான பாஸ்ட்ராமி 150 பக்கம். இறைச்சியை நைசாக அரைத்து வேகவைத்துச் செய்யும் மோர்டடெல்லா, பொலோனியா இரண்டும் 310. சலாமி 380 முதல் 420 வரை, காரமான சலாமி வகையான பெப்பெரோனி 500. புரதம் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9, தண்ணீருக்கு ஒன்றுமில்லை. வித்தியாசம் முழுக்க இதிலிருந்துதான் வருகிறது. ஹாமுக்கும் டர்க்கிக்கும் உப்புநீர் ஏற்றியிருப்பார்கள், எடையில் பெரும்பங்கு தண்ணீர். சலாமியைத் தொங்கவிட்டு உலர்த்துவதால் தண்ணீர் போய்க் கொழுப்பும் புரதமும் செறிந்துவிடும். மோர்டடெல்லாதான் ஏமாற்றும். வெள்ளைப் புள்ளிகள் மட்டுமே கொழுப்பு என்று தோன்றும்; இளஞ்சிவப்புப் பகுதியிலும் கொழுப்பை அரைத்துக் கலந்திருக்கிறார்கள்.

வகையில் சந்தேகம் இருந்தால் கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள். சீவுவதற்கு முன் முழுக்கட்டி வந்த உறையில் சேர்மானமும் பல சமயம் சத்து விவரமும் அச்சாகியிருக்கும். கூட்டம் இல்லாத நேரத்தில் காட்டச் சொன்னால் காட்டுவார்கள். அதே கம்பெனியின் பாக்கெட் சரக்கை வைத்துக் கணக்கிடுவது அடுத்த வழி. செய்முறை வேறாக இருக்கக்கூடும் என்பதால் அது இரண்டாம்பட்சம்தான்.

எடைக்கு வீட்டில் தராசுகூட வேண்டாம். ஸ்டிக்கரில் இருப்பது உறை கழித்த எடை. வீட்டுக்கு வந்ததும் துண்டுகளை எண்ணி வகுத்துவிடுங்கள். அரை பவுண்டு, அதாவது 227 கிராம் டர்க்கியில் 16 துண்டு இருந்தால் ஒன்று 14 கிராம், 14 கலோரி. இதைப் பையின் மேலேயே எழுதிவைத்தால் வாரம் முழுவதும் எண்ணிக்கை மட்டும் போதும். எண்ணும்போது ஒட்டிக்கொண்ட துண்டுகளைப் பிரித்துப் பாருங்கள். கட்டியின் நுனி குறுகலாக இருப்பதால் அந்தப் பக்கத்துத் துண்டுகள் சிறியவை. அவற்றை இரண்டுக்கு ஒன்றாக எண்ணலாம்.

கலோரி ஆப்களில் '1 ஸ்லைஸ்' என்று இருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது 28 கிராம், ஒரு அவுன்ஸ். கவுண்டரில் மெல்லிதாகச் சீவியது 10 முதல் 15 கிராம்தான் இருக்கும். ஆப்பில் எப்போதும் கிராமைத் தேர்ந்தெடுங்கள். போன தடவை சீவும் இயந்திரத்தில் தடிமனை எந்த எண்ணில் வைத்துச் சீவினார்கள் என்பதும் உதவாது. ஒரு இயந்திரத்தின் 2 இன்னொன்றின் 2 ஆக இருக்காது.

ஸ்டிக்கரைத் தூக்கிப்போட்டுவிட்டால் அளவுகோலை எடுங்கள். இறைச்சியின் அடர்த்தி தண்ணீரை ஒட்டியதே, ஒரு கன சென்டிமீட்டர் ஏறத்தாழ ஒரு கிராம். 10 செ.மீ. விட்டமும் 1 மி.மீ. தடிமனும் உள்ள வட்டத்துண்டு 8 கிராம், 2 மி.மீ. என்றால் 16. 6 செ.மீ. சலாமி வட்டம் 1 மி.மீ. தடிமனில் 3 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒற்றைத் துண்டின் தடிமனைக் கண்ணால் பிடிக்க முடியாது. பத்தை அடுக்கி லேசாக அழுத்தி உயரத்தை அளந்து பத்தால் வகுக்க வேண்டும். தாள்போலச் சீவிக் குவித்த இறைச்சிக்கு இந்த வழி செல்லாது, குவியலில் பெரும்பகுதி காற்று. சீட்டுக்கட்டு அளவு என்றால் 85 கிராம் என்ற பிரபலமான ஒப்பீடும் அங்கே அதனால்தான் கவிழ்ந்துவிடுகிறது.

தராசு இருந்தால் திறந்த பையை முழுதாக அதன் மேல் வைத்து, பூஜ்யம் ஆக்கி, வேண்டியதை எடுங்கள். −46 என்று காட்டினால் எடுத்தது 46 கிராம். காலித் தராசில் மெல்லிய துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்தால், மலிவான தராசு ஓரிரு கிராமைக் கண்டுகொள்ளாமல் விழுங்கிவிடும். பையின் அடியில் தேங்கும் நீரைப் பற்றிக் கவலை வேண்டாம், அதில் கலோரி இல்லை என்றே சொல்லலாம். வாணலியில் வாட்டுவதாக இருந்தால் வாட்டுவதற்கு முன்பே எடை போட்டுவிடுங்கள். பிறகு தண்ணீரும் கொழுப்பும் எவ்வளவு போயிற்று என்பது தெரியாது.

கடை சாண்ட்விச் என்றால் ரொட்டியைத் திறந்து எண்ணுவதைத் தவிர வழியில்லை. மடித்துப் போட்ட ஒரு துண்டு இரண்டாகத் தெரியும். ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். அங்கே ஒற்றை எண்ணை எழுதாமல் 60 முதல் 90 கிராம் என்று எழுதிக்கொள்வதே நேர்மை. டர்க்கி என்றால் அந்த இடைவெளி வெறும் 30 கலோரி, கூடவே தடவிய ஒரு மேசைக்கரண்டி மயோனைஸ் மட்டும் 90க்கு மேல்.