மூன்றாவது தடவையில் தேறிய அரியரும் கழற்றிப் போட்ட இரும்புச் சட்டையும்

ரிசல்ட் வந்து மூன்று நாள் ஆகிறது. ப்ராபபிலிட்டி அண்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், மூன்றாவது அட்டெம்ப்ட், பாஸ். கிரேடு சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, கேட்காதீர்கள். எங்கள் கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் தை பிறந்தால் மஞ்சள் வெட்டுதான். களத்தில் வேகவைத்த மஞ்சளைக் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "எத்தனாவது தடவைன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லீராத கண்ணு" என்றார். இதோ, ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பேப்பர் பேட்டர்ன் உங்களுக்கே தெரியும். சிலபஸும் தெரியும். எப்படிப் பாஸ் பண்ணினேன் என்பதில் நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று, அது எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. போனில் விளையாடிய ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்கிற விளையாட்டில் கிடைத்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள்.

அந்த விளையாட்டு 2018 அக்டோபரில் போனுக்கு வந்தது. நான் பிடித்துக்கொண்டது ஹாஸ்டலில். அதில் ரூன் பிளேட்பாடி என்று ஒரு இரும்புச் சட்டை. காசு கொடுத்து வாங்கினால் மட்டும் போட்டுவிட முடியாது, டிராகன் ஸ்லேயர் என்கிற சாகசப் பணியை (குவெஸ்ட்) முடித்து எல்வார்க் என்கிற டிராகனைக் கொன்றிருக்க வேண்டும். நாலு தடவை செத்து ஐந்தாவது தடவை கொன்றேன். அந்தச் சட்டையை எப்படிக் கழற்ற மனசு வரும்? தலைக்கவசம், கால்கவசம், கேடயம் என்று முழு ரூன் செட்டையும் மாட்டிக்கொண்டேதான் மேஜிக் பழக ஆரம்பித்தேன்.

மந்திரம் பலிக்கவில்லை என்றால் எதிரி மேல் தண்ணீர் தெறிப்பது போல ஒரு படம் வரும். ஸ்பிளாஷ் என்பார்கள். அடி விழாது, ஆனால் ஒவ்வொரு மந்திரத்துக்கும் கொடுக்க வேண்டிய ரூன் கல் செலவானது செலவானதுதான். எனக்கு வரிசையாக ஸ்பிளாஷ். சரி, மந்திரம் சின்னது போல என்று ஸ்டிரைக் மந்திரங்களை விட்டு போல்ட் மந்திரங்களுக்குப் போனேன். கல் விலைதான் ஏறியது, பலிப்பது ஏறவில்லை. ஏறாது. பெரிய மந்திரம் விழுந்தால் பலமாக விழும், அவ்வளவுதான். விழுமா விழாதா என்பதில் அதன் பெருமைக்குப் பங்கே இல்லை. ஃபயர் போல்ட்டின் அதிகபட்ச அடி 12 என்பதை வைத்துக்கொண்டு நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது அட்டெம்ப்டும் போன பிறகு அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, ஊருக்குப் போயிருந்தேன். கொடிவேரியிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்காலை ஒட்டி அவருடைய சாளை, தோட்டத்து வீடு. கட்டிலில் படுத்துக்கொண்டு போனைக் குத்திக்கொண்டிருந்தேன்.

"என்ன சாமி, அதைப் போட்டு இந்தக் குத்துக் குத்தறே?"

"மந்திரம் போடறனுங்க அப்புச்சி. எட்டுத் தடவை போட்டுட்டேன், ஒண்ணும் பலிக்க மாட்டேங்குதுங்க. அடுத்தது கட்டாயம் பலிக்கும் பாருங்க."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "மந்திரம் போடறவன் எதுக்கு இரும்புச் சட்டையும் கேடயமும் மாட்டீட்டு நிக்கறான்? நம்ம கோயல் பூசாரி மேலுக்குத் துண்டுகூடப் போடறதில்ல."

சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

கழற்றிப் பார்த்தேன். அடி மேல் அடி விழுந்தது. அதற்கப்புறம்தான் எண்களைத் தேடி எடுத்தேன். ரூன் பிளேட்பாடி மேஜிக் தாக்குதலில் 30 குறைக்கிறது, கால்கவசம் 21, கேடயம் 8, தலைக்கவசம் 6. மொத்தம் 65 குறைவு. கையில் இருந்த ஃபயர் ஸ்டாஃப் என்கிற மந்திரக்கோல் 10 கூட்டுகிறது. விளையாட்டு இதோடு 64-ஐச் சேர்த்து நம் மேஜிக் நிலையால் பெருக்கும். கவசத்தோடு இருந்தபோது என் பெருக்கி வெறும் 9. கவசம் இல்லாமல் 74. அந்த ஸ்டாஃபும் இல்லாமல் நின்றிருந்தால் பெருக்கி சைபருக்குக் கீழே போய், ஆயுசுக்கும் ஸ்பிளாஷ்தான்.

இனிதான் பேப்பருக்கு வேண்டிய விஷயம். சிறு கூட்டல்களெல்லாம் சேர்த்து என் நிலை 50 என்று வையுங்கள். கவசமில்லாமல் என் உச்ச எண் 50 × 74 = 3700. எதிரியின் மேஜிக் நிலை 11, அதோடு 9 சேர்த்து 20, அவனுக்கு 20 × 64 = 1280. (கவனியுங்கள், எதிரியின் மேஜிக் நிலை. அவன் எவ்வளவு தடியாகக் கவசம் மாட்டியிருக்கிறான் என்று பார்த்துப் பயந்தது என்னுடைய இன்னொரு முட்டாள்தனம்.) 0-இலிருந்து 3700-க்குள் எனக்கு ஒரு எண் விழும், 0-இலிருந்து 1280-க்குள் அவனுக்கு ஒரு எண் விழும். என் எண் பெரியதாக இருந்தால் மந்திரம் பலித்தது.

எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை? இரண்டு யூனிஃபார்ம் ரேண்டம் வேரியபிள் (எல்லா எண்ணும் விழச் சம வாய்ப்பு), எது பெரியது. யூனிட் இரண்டில் வருகிற அதே கணக்கு. ஒரு செவ்வகம் வரைந்து குறுக்கே ஒரு கோடு போட்டால் முடிந்தது, டபுள் இன்டகிரலே வேண்டாம். தோற்கிற பரப்பு ஒரு முக்கோணம். செவ்வகத்தில் அதன் பங்கு, 1280-ஐ 3700-இன் இரட்டிப்பான 7400-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.17. பலிப்பது 83 சதம். கவசத்தோடு என் உச்சம் 450 மட்டுமே, இப்போது முக்கோணம் என் பக்கம் வந்துவிடும், ஜெயிக்கிற பரப்புதான் முக்கோணம். 450-ஐ 2560-ஆல் வகுத்தால் 18 சதத்துக்குக் கொஞ்சம் கீழே. ஆள் அதே, மந்திரம் அதே, எதிரி அதே.

இந்த முறை பரீட்சையில் பார்ட் பி-யில், பெரிய கேள்விகள் வருகிற பகுதியில், இதே சாயலில் ஒன்று வந்தது. இரண்டு பேர் தனித்தனியாகப் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறார்கள், யார் முன்னால் வருவார் என்று. 13 மார்க். படம் வரைந்தபோது பேனா தானாக ஓடியது.

அந்த எட்டு ஸ்பிளாஷைப் பற்றியும் பேசியாக வேண்டும். எட்டு தடவை தவறினால் ஒன்பதாவது கட்டாயம் பலிக்கும் என்று நான் அப்புச்சியிடம் சொன்னது சுத்தப் பொய். முந்தைய எட்டு தவறியது ஒன்பதாவதுக்குத் தெரியாது. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. எனக்குப் பலிக்கும் வாய்ப்பு 83 சதம் என்று நான் நம்பியது உண்மையாக இருந்தால், எட்டு தொடர்ந்து தவற வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. 18 சதம்தான் என்றால் அதே எட்டு தவறுவதற்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு. அதாவது கெட்ட நேரமில்லை. நம்பிய எண்ணே தப்பு. ஹைப்பாதஸிஸ் டெஸ்டிங் (நம்பியது சரியா என்று கிடைத்த எண்களை வைத்துச் சோதிப்பது) என்று அரை வருஷம் போர்டில் எழுதிப்போட்டது இதைத்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிற சித்தியிடம் இதைச் சொன்னேன். அவருக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "நாலு பீஸ்ல தொடர்ந்து எண்ணெய்க் கறை வந்துச்சுன்னா அஞ்சாவது பீஸையா பாத்துட்டு இருப்போம்? மிஷினைப் போய்ப் பாப்போம்" என்றார். குவாலிட்டி கண்ட்ரோல் யூனிட்டை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு நடத்தியதில்லை.

முதல் இரண்டு அட்டெம்ப்டிலும் நான் மிஷினைப் பார்க்கவில்லை. முதல் தடவை வாட்ஸாப்பில் காசு வாங்கிக்கொண்டு யாரோ விற்ற "உறுதியாக வரும் 20 கேள்விகள்" பிடிஎஃப்பை நெட்டுரு போட்டேன். அதிலிருந்து வந்தது இரண்டு. இரண்டாவது தடவை இன்னும் பெரிய பிடிஎஃப். ஸ்டிரைக்கிலிருந்து போல்ட்டுக்குப் போன கதைதான். பழுதான பல்புகளைத் திரும்ப வைக்காமல் எடுக்கிற கணக்கில், ஒவ்வொரு தடவையும் வாய்ப்பு மாறும் என்பதைப் பார்க்காமல் வாய்ப்பு மாறாத இடத்தில் மட்டும் செல்லுகிற பைனாமியலில் அடித்தேன். நாலு மார்க்கில் போச்சு. செட் கஷ்டம், ஹாலில் ஃபேன் ஓடவில்லை என்று மூன்று மாதம் சொல்லித் திரிந்தேன்.

மூன்றாவது தடவை செய்தது இதுதான். கேள்வியைப் படித்ததும் ஃபார்முலா எழுதமாட்டேன். ஓரத்தில் பென்சிலால், தமிழில், ஒரே வரி: இந்த வாய்ப்பு எதை எதைப் பொறுத்தது, எது மாறினால் இது மாறும்? "முதல் பல்பு எதுவென்பதைப் பொறுத்து இரண்டாவது மாறும்." அந்த வரி வந்த பிறகுதான் பேனாவைத் திறப்பேன். ஆங்கிலத்தில் யோசிக்கிறவர்கள் ஆங்கிலத்தில் எழுதுங்கள், எனக்கு அது ஒத்துவராது. ஐந்து பார்ட் பி-க்கும் சேர்த்துப் பத்து நிமிஷம் போகும். போகட்டும்.

மற்றவை, வரிசையில்லாமல்:

சின்னக் கேள்விகள் வருகிற பார்ட் ஏ-வை முதலில் படியுங்கள், நீங்கள் என்னைப் போல அடிமட்டத்தில் இருந்தால். அதே விளையாட்டில் மேஜிக் தாயத்து ஒன்று 10 கூட்டும். கவசத்தோடு நிற்கிறவனுக்கு அது 18 சதத்தை 37 ஆக்கும். கவசமில்லாதவனுக்கு 83-ஐ 85 ஆக்கும். அதே பத்துதான். ஏற்கெனவே 80 வாங்குகிறவர்கள் சொல்கிற டிப்ஸ் உங்களுக்கு எதற்கு?

அட்டவணைப் புத்தகத்தை வீட்டிலேயே புரட்டிப் பழகுங்கள். ஹாலில் கை-ஸ்கொயர் அட்டவணைப் பக்கத்தைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் ஒரு தடவை.

குரூப் ஸ்டடி வேண்டாம். நாலு பேர் சேர்ந்தால் டீக்கடைதான். இது என் சுபாவம், உங்களுக்கு எப்படியோ.

எக்ஸ்பெக்டேஷனை, அதாவது சராசரியாக எவ்வளவு கிடைக்கும் என்பதை, கையில் கிடைக்கிற ஒரு பொருளாகப் பாருங்கள். 83 சதம் பலிக்கும், சராசரி அடி 6, ஆக ஒரு மந்திரத்துக்கு 5. கவசத்தோடு வெறும் 1. கல் விலை இரண்டுக்கும் ஒன்றே.

மூன்று யூனிட் போதும் என்று சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். நான் கேட்டேன், முதல் தடவை.

முந்தைய நாள் ராத்திரி அரிசிம்பருப்புச் சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். இதற்குக் காரணமெல்லாம் கேட்கக்கூடாது.

ரூன் செட் இப்போது விளையாட்டில் பேங்கில் கிடக்கிறது, விற்க மனசு வரவில்லை. டிரான்ஸ்ஃபார்ம்ஸ் என்கிற இன்னொரு கணக்குப் பேப்பர் அரியர் இன்னும் பாக்கி. அதை எப்படிப் பாஸ் பண்ணுவது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அப்புச்சியைத்தான் கேட்க வேண்டும்.