ஜோகன்னஸ்பர்க்கில் ஜெயிலைப் பார்க்கப் போனேன்

தென்னாப்பிரிக்கா என்றதும் எல்லோரும் சொன்னது க்ரூகர் காடு, சிங்கம், சஃபாரி. அதற்கு ஆகும் செலவைக் கேட்டதும், நமக்கு முதுமலையே போதும் என்று விட்டுவிட்டேன். ஜோகன்னஸ்பர்க்கில் நான் போனது ஒரு பழைய ஜெயிலுக்கு. இப்போது அதன் பெயர் கான்ஸ்டிடியூஷன் ஹில்.

முதலில் என் வயிற்றெரிச்சல். பார்க் ஸ்டேஷனிலிருந்து இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. தனியாக நடக்க வேண்டாம் என்று விடுதியில் பயமுறுத்தியதால் வாடகைக் காரில் ஏறினேன். டிரைவர் 200 ராண்ட் கேட்டார். நம்ம ஊர்க் கணக்கில் ஆயிரம் ரூபாய் பக்கம்! பேரம் பேசி 150-க்கு இறக்கினால், இறங்கும்போது சில்லறை இல்லை என்று 200-ஐயும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த 50 ராண்ட் இன்னும் உறுத்துகிறது.

சரி, ஜெயிலுக்கு வருவோம். 1890-களில் போயர் (டச்சு வழிவந்த வெள்ளையர்) அரசு கட்டிய கோட்டை, பிறகு ஆங்கிலேயர் கைக்குப் போனது. வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் கோட்டை. கறுப்பர்களுக்கு 'நம்பர் ஃபோர்' என்ற தனிச் சிறைப் பகுதி. 1908-ல் காந்தியையும் இங்கேதான் அடைத்தார்கள். நம்பர் ஃபோர் முற்றத்தில் திறந்தவெளிக் கழிப்பறை. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வேலைக்குப் போய்த் திரும்பும் கைதிகளை அம்மணமாக நிறுத்தி, குதிக்கச் சொல்லி, கை தட்டி வாயைத் திறந்து காட்டச் சொல்வார்களாம், எதையாவது ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறார்களா என்று பார்க்க. ஒரு அறையில் போர்வைகளை இறுக்கி மடித்து பீரங்கி வண்டி மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். சோதனைக்கு வரும் அதிகாரிகளுக்காகக் கைதிகள் அப்படித்தான் மடித்து வைக்க வேண்டுமாம். அதன் ஓரங்கள் அத்தனை நேர்த்தி. அந்த நேர்த்தியைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது.

விசாரணைக் கைதிகளின் கட்டடத்தை இடித்து, அந்தச் செங்கல்லையே எடுத்துப் பக்கத்தில் அரசியலமைப்பு நீதிமன்றம் கட்டியிருக்கிறார்கள். உள்ளே போகக் காசு கிடையாது. 1995-ல் இந்த நீதிமன்றத்தைத் தொடங்கிவைத்த மண்டேலா, தான் கடைசியாகக் கோர்ட்டில் நின்றது தூக்கா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் என்றார். அதே ஆண்டு இந்த நீதிமன்றம் மரண தண்டனையையே ஒழித்தது. புதுக் கட்டடம் திறந்தது 2004 மார்ச் 21. 1960-ல் ஷார்ப்வில்லில், கறுப்பர்கள் எங்கே போனாலும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டத்தை எதிர்த்துத் திரண்டவர்களைப் போலீஸ் சுட்டு 69 பேரைக் கொன்ற நாள் அது. இப்போது அங்கே மனித உரிமை நாள். கதவில் 27 உரிமைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். 11 நீதிபதிகள் உட்காரும் மேடையின் முகப்பில் மாட்டுத்தோல், ஒவ்வொன்றும் ஒரு நிறம். தரையை ஒட்டி நீளமாக ஒரு ஜன்னல், வெளியே போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிகின்றன. நீதிபதிகள் மறந்துவிடக் கூடாதல்லவா!

ஆனால் எல்லாம் பிரமாதம் என்று எழுத மனம் வரவில்லை. வெளியே வந்தால் ஹில்பிரோ என்ற பகுதி. கண்ணாடி போன ஜன்னல்கள், நடைபாதையில் படுத்திருப்பவர்கள். வீட்டு உரிமை கதவில் இருக்கிறது, தெருவில் இல்லை. குடிசையை இழந்த ஐரீன் க்ரூட்பூம் தொடுத்த வழக்கில், அரசுக்கு வீட்டுவசதித் திட்டம் இருந்தே ஆக வேண்டும் என்று 2000-ல் தீர்ப்பு வந்தது. உலகமெங்கும் சட்டக் கல்லூரிகளில் பாடம் நடத்தும் தீர்ப்பு. அந்த அம்மா 2008-ல் இறக்கும்போதும் குடிசையில்தான் இருந்தார். அதே நீதிமன்றம்தான் 2002-ல், எச்.ஐ.வி. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவாமல் தடுக்கும் மருந்தைக் கொடுக்காமல் இழுத்தடித்த அரசை வழிக்குக் கொண்டுவந்தது. அங்கே தீர்ப்புக்குப் பின்னால் தெருவில் இறங்கிய நோயாளிகளின் இயக்கம் இருந்தது. வித்தியாசம் அதுதான் என்பேன்.

சாப்பாடு! ஒரு சின்னக் கடையில் 'கோட்டா'. கால் ரொட்டியைக் குடைந்து உருளைக்கிழங்கு வறுவலைத் திணித்து, மேலே நல்ல காரமான மாங்காய் ஊறுகாய். அதற்கு அவர்கள் சொல்வதும் 'அச்சார்'தான். 1860-ல் மதராஸிலிருந்து இந்த நாட்டின் நேட்டால் பகுதிக்கு முதல் கூலிக் கப்பல் போனது ஞாபகம் வந்தது. 40 ராண்ட், ராத்திரி வரை பசிக்கவில்லை.

நேரம் இருந்தால் பிராம்ஃபோன்டீன் மயானத்தை விடாதீர்கள். தில்லையாடி வள்ளியம்மை அங்கேதான் அடக்கம். ஜோகன்னஸ்பர்க்கிலேயே பிறந்த பெண். கிறிஸ்தவ முறையில் நடக்காத கல்யாணம் செல்லாது என்று 1913-ல் ஒரு நீதிபதி சொல்லப்போக, இந்தியப் பெண்களும் காந்தியின் போராட்டத்தில் இறங்கினார்கள். வள்ளியம்மை சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது வயது 16. அதே நாட்டில் 2005-ல், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் செய்துகொள்ளும் கல்யாணத்தையும் சட்டம் ஏற்க வேண்டும் என்று நான் பார்த்த அந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மயானத்துக்கும் டிக்கெட் கிடையாது. வாசலில் இருப்பவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். பெரிய இடம், சுற்றிச் சுற்றிக் கால் வலிக்கும்.