சான்று இல்லாத வாக்கியம்

“நான் எழுதினால் பக்கச்சார்பு, வேறு யாரும் எழுதவில்லை என்றால் அவர் முக்கியமில்லாதவர். அப்போ யார்தான் தம்பி எழுதணும்?” என்று அந்தப் பேராசிரியர் கேட்டார். நான் எங்கள் கலைக்களஞ்சியத்தின் விதியைச் சொன்னேன்: ஒருவரைப் பற்றிச் சொல்வதற்கு அவரோடு தொடர்பில்லாத ஒருவரின் அச்சான சான்று வேண்டும். வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்றைக்கும் தெரியவில்லை, ஆனால் அந்தக் கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

கட்டுரை, புல் வகைகளில் வாழ்நாள் முழுக்க வேலை செய்து மறைந்த ஒரு தாவரவியலாளரைப் பற்றியது. எழுதி அனுப்பியவர் இந்தப் பேராசிரியர், அவருடைய மாணவி, இப்போது அவரும் ஓய்வுபெற்றுவிட்டார். சான்றாகக் கொடுத்திருந்தவை வழக்கமானவைதான்: நினைவு மலர், பாராட்டு மலர், துறையின் இணையப் பக்கம், அப்புறம் அந்தத் தாவரவியலாளருடைய சொந்த ஆய்வுக் கட்டுரைகளின் நீளமான பட்டியல். நினைவு மலரில் யாரும் யாரையும் குறைத்துச் சொல்ல மாட்டார்கள். துறைப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் சம்பந்தப்பட்டவரே எழுதிக் கொடுத்ததாக இருக்கும். ஆய்வுக் கட்டுரையை வைத்து அவர் அதை எழுதினார் என்று சொல்லலாம், அது பெரிய விஷயம் என்று சொல்ல முடியாது, அதை இன்னொருவர் சொல்லியிருக்க வேண்டும்.

இதெல்லாம் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் தான் கண்டுபிடித்த சிற்றினத்துக்கு இவர் பெயரை வைத்திருந்தார். முதல் விவரிப்பிலேயே ஏன் அந்தப் பெயர் என்று ஒரு சின்னப் பத்தியும் இருந்தது. மக்னோலியா ஒன்றுக்குத் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பெயர் இருக்கிறதே, அந்த மாதிரி. வாழ்க்கைக் குறிப்பு எழுதுபவர்கள் இந்தப் பெயர்க்காரணப் பத்திகளைத் தேடிப் போவதே இல்லை. ஆனால் அது எழுதியவருக்கும் இவருக்கும் சொந்தமும் கிடையாது, ஒரே நிறுவனமும் கிடையாது, ஆய்வாளர்கள் சரிபார்த்து அச்சான எழுத்து. அதைத் தேடி எடுத்தது நான்தான், சொல்லிக்கொள்வதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சிக்கல் ஒரே ஒரு வாக்கியத்தில். துறைத் தலைவர் பெயரில் வெளிவந்து, இன்றும் அந்தப் புற்களை இனங்காணப் பயன்படுகிற திறவுகோலை, அதாவது அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து இனத்தின் பெயரைக் கண்டுபிடிக்க உதவும் அட்டவணையை, உண்மையில் உருவாக்கியவர் இவர்தான் என்று அந்த அம்மா எழுதியிருந்தார். சான்று? நூலின் முன்னுரையில் உதவியதற்கு நன்றி என்று ஒரு வரி. மற்றதெல்லாம் நினைவு. “பக்கத்து மேசையில் நான் உட்கார்ந்திருந்தேன் தம்பி, ராத்திரி ராத்திரியாக அவங்க எழுதினதைப் பார்த்தவள் நான்.”

நான் சும்மா இருக்கவில்லை. ஹெர்பேரியத் தாள்களின், அதாவது உலர்ந்த செடிகளை ஒட்டிப் பாதுகாக்கும் தாள்களின், ஸ்கேன் படங்களைத் தேடிப் பார்த்தேன். பெயர் உறுதி செய்து ஒட்டிய சீட்டுகளில் தாள் தாளாக இவர் கையெழுத்துதான், தலைவருடையது அபூர்வம். பார்த்ததும் எனக்குச் சந்தேகம் போய்விட்டது. ஆனால் நான் நம்புவது ஒரு சான்று கிடையாது. சீட்டுகளை ஒப்பிட்டு நானே முடிவுக்கு வந்தால் அது சொந்த ஆய்வு, கலைக்களஞ்சியத்தின் வேலை அதுவல்ல. வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.

எடுத்தது சரிதான் என்றே இப்போதும் நினைக்கிறேன். அந்தத் தலைவரும் உயிரோடு இல்லை, பதில் சொல்ல வரமாட்டார். ஒருவருடைய நினைவை ஏற்றுக்கொண்டால் நாளைக்கு எதிர்த்தரப்பின் நினைவையும் ஏற்க வேண்டும். இன்னொன்று, ஆதாரமில்லாமல் நாம் போட்ட ஒரு தகவலைச் செய்தித்தாள் எடுத்துப் போடும், பிறகு யாரோ அந்தச் செய்தித்தாளையே நமக்குச் சான்றாகக் கொண்டுவருவார்கள். அந்த வட்டத்தைப் பார்த்தவர்கள் கடுமையாக இருப்பதில் வியப்பில்லை.

நம் வேலையைத் திட்ட வருகிறவர்கள் எல்லோரும் டோனா ஸ்ட்ரிக்லண்டைத்தான் இழுப்பார்கள். 2018 மே மாதம் அவரைப் பற்றிய கட்டுரை வரைவை விக்கிப்பீடியா திருப்பி அனுப்பியது, அக்டோபரில் அவருக்கு இயற்பியல் நோபல். எனக்கு அது எளிதான கதையாகவே படுகிறது. அவர் 2013இலேயே அமெரிக்க ஒளியியல் சங்கத்தின் தலைவராக இருந்தவர், இருந்த விதியை ஒழுங்காகப் படித்திருந்தாலே போதும். விதியை ஒழுங்காகப் படித்த பிறகும் ஒருவர் விடுபட்டுப் போகிறாரே, அதற்கு யாரைத் திட்டுவது?

எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது மேரி சிங்கூ. ஃபெர்மி, பாஸ்டா, உலாம் மூவர் பெயரில் 1955இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்திலிருந்து வந்த இயற்பியல் அறிக்கை. அதிலுள்ள கணக்கைக் கணினியில் நிரலாக்கி ஓட்டியவர் இவர். வேலை செய்தவர்கள் என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே நாலாவதாக இவர் பெயரும் இருக்கிறது, எழுதியவர்கள் வரிசையில் இல்லை. மூவர் பெயரே நிலைத்துவிட்டது. 2008இல் தியரி டோஷுவா என்ற இயற்பியலாளர் ஃபிசிக்ஸ் டுடே இதழில் அவரைப் பற்றி எழுதி, நாலாவது பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றார். அதற்குப் பிறகுதான் பலரும் சேர்க்க ஆரம்பித்தார்கள். அச்சில் ஒரு வரி இருந்தும் அரை நூற்றாண்டு. அப்படியானால் வெறும் நன்றி வரி மட்டும் இருப்பவருக்கு?

சரி, அந்த அம்மாவுக்கு எல்லோரும் சொல்கிற யோசனையையே நானும் சொன்னேன். முதலில் ஏதாவது ஒரு துறை இதழில் இதை நினைவுக் கட்டுரையாக எழுதுங்கள், வெளிவந்ததும் மேற்கோள் காட்டலாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அங்கேயும் நான்தானே எழுதப்போறேன்?” என்று கேட்டார். பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி 1932 முதல் மறைந்த உறுப்பினர்களுக்கு வெளியிட்டுவரும் வாழ்க்கைக் குறிப்புகளையே எடுத்துக்கொள்ளுங்கள், அவற்றை எழுதுவதும் பல நேரம் உடன் வேலை செய்தவர்களோ மாணவர்களோதான், நடுவில் ஒரு பதிப்பாசிரியர் இருக்கிறார் என்பதுதான் வித்தியாசம் என்றேன். சொல்லும்போதே பலவீனமாகத்தான் இருந்தது.

எழுதிவிட்டார். இதழில் வந்தும்விட்டது. கிட்டத்தட்ட நான் வெட்டிய அதே வாக்கியம், எழுதியதும் அதே ஆள். அந்தப் பதிப்பாசிரியர் என்னைவிட அதிகமாக எதைச் சரிபார்த்திருக்க முடியும் என்று தெரியவில்லை, ஸ்கேன் படங்களையாவது பார்த்தாரோ என்னவோ. ஆனால் இப்போது அதற்கு இதழ் எண், பக்க எண் எல்லாம் இருக்கிறது, அதனால் சேர்த்தேன். “அவருடைய மாணவியின் கூற்றுப்படி” என்று முன்னால் போட்டுத்தான் சேர்த்தேன். அப்படிப் போட்டால் தன்னைச் சந்தேகப்படுவது மாதிரி இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்கிறார். எனக்கு அவர்மேல் சந்தேகம் இல்லை, வாசகர் சந்தேகப்படுவதற்கு இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எடுக்கப் போவதில்லை.

கடைசி மின்னஞ்சலில் இன்னொன்றும் கேட்டிருந்தார். துறைத் தலைவரைப் பற்றியும் நம்மிடம் ஒரு கட்டுரை இருக்கிறது, அந்தத் திறவுகோல் அவர் படைப்பு என்று அதில் எந்தக் கூற்றுப்படியும் இல்லாமல் நேராகவே போட்டிருக்கிறது. அதை எப்போது மாற்றப் போகிறீர்கள் என்கிறார். நூலின் அட்டையில் அவர் பெயர்தான் இருக்கிறது, அதுவும் சான்றுதான். என்ன பதில் எழுதுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.